கூனனைப் பார்க்காமல் எழுதிய வழி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீ சுகமாக இருக்கிறாய் என்பதைப் போனில் உன் குரலைக் கேட்டே தெரிந்துகொண்டேன், அந்த மட்டுக்கும் சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, நானும் அப்படித்தான் தொடங்கலாம் என்று பேனாவை வைத்தேன், கை ஓடவில்லை. உன் அம்மா நலமாக இல்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் கொதிக்கிறது. யார் மேல் என்று கேட்காதே, உன் மேல்தான். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனை எடுத்ததும் "அப்பா சாப்டீங்களா" என்று கேட்பாய், அந்த ஒரு வார்த்தையில் என் கோபம் படுத்துவிடும், பக்கத்தில் உன் அம்மா வேறு நின்றுகொண்டு கண்ணை உருட்டுவாள். மெசேஜ் அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். கடிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது பார். அதனால்தான் சலூனைச் சீக்கிரம் சாத்திவிட்டு, முடிவெட்டுகிற நாற்காலியிலேயே உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கண் மங்கிவிட்டது என்று நினைக்காதே, கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், கோணல் கோபத்தில் வந்தது.

உன் கம்பெனிக்காக எழுதிப் போட்டாயே, "கடலோரக் கிராமத்தில் கால் நோகாமல் நடக்க ஐந்து வழிகள்" என்று, அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அது வந்த அன்று இந்தக் கடையில் நடந்த கூத்து உனக்குத் தெரியாது. தபால்காரர்தான் நாற்காலியில் உட்கார்ந்தபடி போனில் எடுத்து வாசித்தார், நான் அவர் காதோரம் மிஷினை வைத்துக்கொண்டே கேட்டேன், நம் ஊரைப் பற்றி என் மகள் எழுதுகிறாள், அதை எங்கேயோ இருக்கிறவன் படிக்கிறான் என்ற மிதப்பில் அவருடைய ஒரு பக்கக் கிருதாவை முழுசாக வழித்துவிட்டேன். அந்த மனுஷர் கோபிக்கவில்லை, பரவாயில்லை, இன்னொன்றையும் எடுத்துவிடுங்கள், பொண்ணு எழுதின நாளுக்கு அடையாளமாக இருக்கட்டும் என்றார். அதைத் தாளில் அச்சடித்து வாங்கிக் கண்ணாடிக்கு மேலே ஒட்டினேன். தலையைக் கொடுக்க வருகிறவன் எல்லாம் அதை ஒரு தடவை படித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும், படிக்கத் தெரியாதவனுக்கு நானே படித்துக் காட்டினேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அந்தத் தாளை இப்போது கிழித்துவிட்டேன், ஒட்டின பசை மட்டும் கண்ணாடியில் மஞ்சளாக நிற்கிறது, தினமும் அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறேன்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும், நான்கு வழிகளை நன்றாகத்தான் எழுதியிருந்தாய். கலங்கரை விளக்கத்துக்கு ஏறுகிற பாதை மெல்ல ஏறும், பேசிக்கொண்டே போகலாம் என்று எழுதியிருந்தாய், எனக்குப் பாதி தூரத்திலேயே பேச்சு நின்று மூச்சு மட்டும்தான் வரும், ஆனாலும் நடுவில் ஒரு சிமெண்டு பெஞ்சு இருப்பதை மறக்காமல் எழுதினாய், சரி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வாய்க்கால் கரையோடு பாலம் வரைக்கும் போகிற வழி, ஒரு பக்கம் வேலி, ஒரு பக்கம் வாத்து, அதில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம். தோப்புக்குள் போகிற மணல் வழியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னாய், அதுவும் சரி. படகுத்துறைச் சுவரோரமாகப் போகும்போது வலை காயப்போட்டிருந்தால் மிதிக்காமல் சுற்றிப் போங்கள் என்று எழுதினாய் பார், அதைப் படித்துவிட்டுப் படகுக்காரர்கள் உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். காயப்போட்ட வலைக்காக ஒரு வரி எழுதத் தெரிந்த உனக்கு, மனுஷ உயிருக்காக ஒரு வரி எழுதத் தெரியாமல் போச்சே, அதுதான் என் ஆத்திரம்.

ஐந்தாவதாக எழுதினாயே பாறையடி வழி, நீ எழுதினது எனக்கு மனப்பாடம். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, ஒரு பக்கம் கடல், நடுவில் சமமான கெட்டி மணல், ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, குழந்தைகளும் வயதானவர்களும் தாராளமாகப் போகலாம், மறுமுனையில் சிப்பி பொறுக்கலாம், தொடக்கத்திலேயே கடலுக்குள் கூன் விழுந்த ஆள் போல ஒரு பாறை நிற்கும், படம் எடுக்க அருமையான இடம். ஒரு எழுத்துப் பொய் இல்லை, கடல் வற்றிக் கிடக்கும்போது. கடல் ஏறினால் அந்த மணல் எங்கே போகும் என்று எழுதினாயா? நடுவழியில் பாறை மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறதே, தண்ணீர் முதலில் வந்து முட்டுவது அங்கேதான், இந்த முனையில் மணல் காய்ந்து கிடக்கும்போதே அங்கே வழி மூடிவிடும். மூக்கைத் தாண்டிச் சிப்பி மணலுக்குப் போனவனுக்குத் திரும்பி வர வழி இருக்காது, மேலே ஏறலாம் என்றால் பாறை கை கொடுக்காது, கொஞ்ச நேரத்தில் அந்த மணலும் முழுகும். இந்த ஊரில் சொந்தமாகச் செருப்பு மாட்டத் தெரிந்த யாரும் கூனனைப் பார்க்காமல் அங்கே கால் வைத்ததில்லை. கூனனுக்கு இடுப்பு வரைக்கும் தெரிந்தால் போகலாம், முதுகு மட்டும் தெரிந்தால் போகக் கூடாது, தலை மட்டும் தெரிந்தால் உள்ளே போனவர்களைக் கூப்பிட ஆள் ஓட வேண்டும். இதை யாரும் யாருக்கும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை, வாசலைத் தாண்டும்போது மழை வருமா என்று அண்ணாந்து பார்ப்பது போல அது பாட்டுக்கு நடக்கும். அதனால்தான் கண்ணாடி மேல் ஒட்டினதை ஊரே படித்தும் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை, ஒவ்வொருத்தரும் மனசுக்குள் கூனனைப் பார்த்துவிட்டுத்தான் அந்த வரியைப் படித்திருக்கிறார்கள். ஆனால் நீ எழுதினது எங்களுக்கா? கூனனைத் தெரியாதவர்களுக்கு. அவர்களிடம் போய்க் கூனனைப் படம் எடுங்கள் என்றாயே, கூனனைப் பாருங்கள் என்றாயா?

இனி நடந்ததைச் சொல்கிறேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதை மீறித்தான் எழுதுகிறேன், அவள் என்னை என்ன செய்துவிடப் போகிறாள், கை ஒடிந்து கிடக்கிறவள். ஆமாம், ஒடிந்துதான் போச்சு, வலது கை, மணிக்கட்டுக்கு மேலே, முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. உன் அம்மா உன் மாமாவுடைய விடுதியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயப்போடுகிறாள் என்று தெரியும் அல்லவா, உன் எழுத்தால் அங்கே ஆள் வரத்து அதிகமாகி, இருக்கிற நான்கு அறையும் காலியாவதே இல்லை, துவைக்கிற விரிப்பும் மலை மாதிரி குவிகிறது. அன்றைக்கு மொட்டை மாடியில் விரிப்புக்குக் கிளிப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் தற்செயலாகக் கடல் பக்கம் பார்த்திருக்கிறாள். கூனன் முதுகு வரைக்கும் முழுகியிருக்கிறான், மூக்குக்கு அந்தப் பக்கம் ஒரு சிவப்புத் தொப்பி போய்க்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான், தோளில் கிடந்த ஈர விரிப்போடு அப்படியே இறங்கி ஓடியிருக்கிறாள். கரையில் நின்று கத்தினாளாம், திரும்பி வாங்க, கடல் ஏறுது என்று. அங்கே ஒரு பெண், அவளுடைய வயசான அப்பா, கையில் தடி, கூட ஒரு சின்னப் பிள்ளை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போனைத் தூக்கிக் காட்டி, "சுலபமான வழின்னுதான் போட்டிருக்கு" என்று பதிலுக்குக் கத்தினாளாம். உன் எழுத்தை எடுத்து உன் அம்மாவிடமே காட்டியிருக்கிறாள், புரிகிறதா உனக்கு?

மூக்கடியில் அதற்குள் இடுப்பளவு தண்ணீர். உன் அம்மாவுக்கு நீச்சல் எவ்வளவு தெரியும் என்று உனக்கே தெரியும், வாளித் தண்ணீரில் முகம் கழுவினாலே மூச்சு முட்டுகிறவள். அவள் பாறையைத் தடவித் தடவி அந்தப் பக்கம் போய்ப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, விரிப்பின் ஒரு முனையைப் பெரியவர் கையில் சுற்றிவிட்டு, மறுமுனையைத் தன் தோளில் கட்டிக்கொண்டு, அந்தப் பெண்ணைப் பின்னால் பிடித்துக்கொள்ளச் சொல்லி நடத்திக்கொண்டு வந்திருக்கிறாள். பாதியில் ஒரு அலை தூக்கிப் பாறையில் அடித்திருக்கிறது. பிள்ளையின் தலை மோதாமல் இருக்கக் கையைக் குறுக்கே கொடுத்தாளாம், அந்தக் கைதான் போச்சு. ஒடிந்த கையால் பிள்ளையை விடாமல் பிடித்துக்கொண்டே மீதி தூரம் வந்திருக்கிறாள். எனக்கு டீக்கடைக்காரர் ஓடி வந்து சொன்னார், நான் தபால்காரர் முகத்தில் பாதிச் சவரம் முடித்திருந்தேன், கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன், அவரும் பாதி முகம் நுரையோடு கழுத்தில் துண்டு பறக்க என் பின்னாலேயே ஓடி வந்தார். வேறு சமயமாக இருந்தால் அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் சிரித்திருப்பேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நான்கு பேரும் கரையில் உட்கார்ந்திருந்தார்கள், பெரியவருக்கு நடுக்கம் நிற்கவில்லை, பிள்ளை வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் நனைந்த போனைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டே, "இதை எழுதினவ நாசமாப் போக, அவ வீட்ல பிள்ளைங்களே கிடையாதா" என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டினாள். உன் அம்மா தொங்குகிற கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படிச் சொல்லாதீங்கம்மா, சின்னப் பொண்ணா இருக்கும், தெரியாம எழுதியிருக்கும்" என்றாள். அந்தப் பெண் விடவில்லை, "உங்களுக்குத் தெரியுமா அவளை?" என்று கேட்டாள். உன் அம்மா என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "தெரியாது" என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வாயில் நான் ஒரு பொய் கேட்டதில்லை, கடையில் ஐந்து ரூபாய் மிச்சம் பிடித்தால்கூட அதை ஒளித்துவைக்கத் தெரியாது. அவள் பெற்ற மகளையே தெரியாது என்றாள். யாருக்காக என்று நான் எழுத வேண்டியதில்லை.

இரண்டாவது பொய்யை உன்னிடமே சொன்னாள், பாத்ரூமில் வழுக்கிக் கையில் லேசான அடி என்று. நானும் பக்கத்தில்தான் இருந்தேன், போன் ஸ்பீக்கரில் இருந்தது. நீ பதறினாய், இல்லை என்று சொல்ல மாட்டேன். "ரப்பர் பாய் போடுங்கன்னு எத்தனை தடவை சொல்றேன்" என்று அவளையே திட்டினாய். அவள் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பேச்சோடு பேச்சாக, "அந்தப் பாறையடி வழியில கூனனைப் பாத்துட்டுப் போகணும்னு ஒரு வரி சேத்துடேன் பாப்பா" என்றாள். நீ என்ன சொன்னாய்? "இப்பல்லாம் கடல் ஏறுற நேரம் போன்லயே வரும்மா, வேணும்னா பாத்துப்பாங்க" என்றாய். அவள் இன்னொரு தடவை கேட்டாள். "அம்மா, எச்சரிக்கை போட்டா அது சுலபமான வழின்னு கணக்குல வராது, எடுத்துடுவாங்க, அப்புறம் தலைப்புல அஞ்சுன்னு இருக்கே அதுக்கு நான் எங்க போவேன், இதுதான் இருக்கறதுலயே அதிகம் பேர் படிச்சது, கொஞ்சம் பொறுங்க" என்றாய். அதையும் கேட்டுவிட்டு அவள், சரிம்மா, உடம்பைப் பாத்துக்கோ என்று போனை வைத்தாள். நான் பொறுக்க மாட்டேன். ஐந்து வழி நான்கானால் உன் கம்பெனி இடிந்து விழுந்துவிடுமா? நம் தெருவில் நடந்து பள்ளிக்கூடம் போனாயே, அதை ஐந்தாவதாகப் போடு, அதில் கடல் ஏறாது, நாய் மட்டும்தான் குரைக்கும்.

அப்புறம் நீ அனுப்பின பார்சல் வந்தது. வழுக்காத ரப்பர் பாய், பச்சை நிறம், நல்ல கனம், விலையும் குறைவாக இருக்காது. பாத்ரூமில் வழுக்கியே விழாதவளுக்கு வழுக்காத பாய்! அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் தெருவில் வீசியிருப்பேன், அவள் விடவில்லை, "என் பொண்ணு வாங்கினது" என்று ஒற்றைக் கையால் அதைக் கழுவி வெயிலில் காயவைத்தாள். பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். அடுத்த பாதியை நான் எழுதவில்லை, நீயே நினைத்துக்கொள்.

நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்காதே. கடைக் கதவுக்கு அடித்த வண்ணம் கொஞ்சம் மிச்சம் இருந்தது, ஒரு பலகையில் பெரிதாக எழுதிப் பாறையடி வழி தொடங்குகிற இடத்தில் நட்டுவைத்தேன். "கூனன் முதுகு மட்டும் தெரிந்தால் போகக் கூடாது." எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் போனால் இரண்டு பேர் பலகைக்கு முன்னால் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறார்கள், ஒருவன் என்னிடமே கேட்கிறான், "சார், கூனன் யாரு, இங்க வாட்ச்மேனா? லீவுல போயிருக்காரா?" என்று. அப்பன் எழுதினதும் மகள் எழுதினது மாதிரியே இருக்கிறது என்று டீக்கடைக்காரர் சிரித்தார், அவருக்கு அடுத்த தடவை முடி வெட்டும்போது காட்டுகிறேன். சரி என்று பலகையைத் திருப்பி, "கடல் ஏறி வழி மூடும், உயிர் போகும்" என்று எழுதி நட்டேன். அதுவும் இரண்டு நாள்தான் நின்றது. எங்கே போச்சு என்று ஊரெல்லாம் தேடினால், உன் மாமா விடுதியின் பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகக் கிடக்கிறது, எழுத்து உள்பக்கம், மேலே ஒரு செங்கல். என்னடா இது என்றால், "அத்தான், உயிர் போகும்னு போட்டா யாரு வந்து தங்குவா, உங்க பொண்ணே சுலபம்னு எழுதியிருக்கா, நீங்க அவளைவிட அதிகமா படிச்சுட்டீங்களா" என்கிறான். உன் வார்த்தையை வைத்து என் வாயை அடைத்தான் பார். கூடப் பிறந்த அக்காவுக்குக் கை ஒடிந்ததும் அவனுக்கு உறைக்கவில்லை, எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று இருக்கிறான். அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன், நீ அடுத்த தடவை போன் செய்யும்போது மாமா எப்படி இருக்கார் என்று என்னிடம் கேட்காதே.

பலகை போனதற்கு மறுநாளிலிருந்து உன் அம்மா அங்கே போய் நிற்க ஆரம்பித்துவிட்டாள். கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, பாறையடி வழி தொடங்குகிற இடத்தில், வெயிலானாலும் காற்றானாலும். வருகிறவர்களிடம் சண்டை போடுவதில்லை, அந்தப் பாறையைக் கையால் காட்டி, இப்பப் போகலாம், இப்பப் போகாதீங்க, அவ்வளவுதான் சொல்வாள். உன் மாமா வந்து, அக்கா, நீ இப்படி நின்னா விருந்தாளிங்க பயப்படறாங்க, வந்து விரிப்பு மடிச்சாவது குடு என்றானாம். "ஒத்தக் கையால மடிக்க முடியல, நிக்க முடியுது" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அங்கே பாசி படிந்த கல், நின்றால் வழுக்கும், அதனால் என்ன செய்தாள் தெரியுமா, நீ அனுப்பின பச்சைப் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் அந்தக் கல் மேல் விரித்து, அதன் மேல்தான் நிற்கிறாள். உன் பாய் வீணாகவில்லை, சந்தோஷப்படு.

கோபத்தோடு கோபமாக ஒன்றை யோசித்துப் பார்த்தேன், நீ எப்படி இதை மறந்தாய் என்று. படகுக்காரன் வலையை மறக்காதவள், பாதிவழிப் பெஞ்சை மறக்காதவள், கூனனை எப்படி மறந்தாள்? பிறகுதான் பிடிபட்டது. நீ மறக்கவில்லை, உனக்குத் தெரியவே தெரியாது. மேலே எழுதினேனே, இந்த ஊரில் கூனனைப் பார்க்காமல் யாரும் அங்கே கால் வைத்ததில்லை என்று, நீ ஒருத்தி வைத்திருக்கிறாய். சின்ன வயசில் நீயும் அம்மாவும் சிப்பி பொறுக்கப் போவீர்கள், நீ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் ஓடுவாய், அவள் அந்தக் கல்லருகில் ஒரு நிமிஷம் நிற்பாள், பார்ப்பாள், "ம், ஓடு" என்பாள். நீ அந்த "ஓடு" மட்டும்தான் கேட்டிருக்கிறாய். சில நாள் அவள் "இன்னைக்கு வேண்டாம், தோப்புக்குப் போலாம்" என்பாள், நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, அம்மாவுக்குச் சோம்பேறித்தனம் என்று கடையில் வந்து என்னிடம் கோள் சொல்வாய். பெரியவளாகிப் படிக்க வெளியூர் போனாய், விடுமுறைக்கு வந்தாலும் அந்த வழிக்கு அவள் உன் கூடவேதான் வந்தாள். அந்த வழி சுலபமான வழி என்று எழுதினாயே, உனக்கு அது சுலபமாகத்தான் இருந்தது, பார்க்கிற வேலையை அவள் பார்த்துவிட்டாள். இப்போதும் உனக்குப் பதிலாக அவள்தான் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஒடிந்த கையோடு.

வருகிற வாரம் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. உன் மாமா விடுதி நிரம்பி, பக்கத்து வீடுகளில் எல்லாம் அறை கேட்டு வைத்திருக்கிறான். பௌர்ணமியும் அதே வாரம்தான், கடல் எப்போதும்விடப் பாறையில் உயரமாக ஏறும், சீக்கிரமாகவும் மூடும். ஒருத்தியால் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? அவள் சாப்பிடப் போகிற நேரத்தில் ஒரு குடும்பம் உள்ளே போனால் என்ன ஆகும்? எனக்கு வேறு ஒரு பயமும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். யாராவது உள்ளே போய்விட்டால் அவள் கரையில் நிற்க மாட்டாள், திரும்பவும் இறங்குவாள், இந்தத் தடவை ஒரே கைதான் இருக்கிறது. அதனால் வாரம் முழுக்கக் கடையைச் சாத்திவிட்டு நானும் அவளோடு நிற்கப் போகிறேன், முடி வளர்கிறவனுக்கு வளரட்டும்.

நேற்று அவளுக்கு டீ எடுத்துக்கொண்டு போனேன். ஒரு பையனும் பெண்ணும், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் போல இருந்தார்கள், போனைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். கூனனுக்கு முதுகு மட்டும் தெரிந்தது. உன் அம்மா, இப்பப் போகாதீங்க என்றாள். அந்தப் பையன் முறைத்துக்கொண்டு, "நீங்க யாரும்மா எங்களைத் தடுக்க, கவர்மென்டா? காசு கேக்கப் போறீங்களா?" என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறியது, டீயை அவன் மூஞ்சியில் ஊற்றுவதற்கு இரண்டு எட்டுத்தான் பாக்கி. அதற்குள் அவள் சொன்னாள், சத்தம் போடாமல், பச்சைப் பாய் மேல் நின்றபடி. "இல்ல தம்பி. இந்த வழியை எழுதினது என் பொண்ணு. அதுல ஒரு வரி விட்டுப்போச்சு. அதான் நான் நிக்கிறேன்." அவர்கள் போனைப் பார்த்தார்கள், அவள் கையைப் பார்த்தார்கள், பிறகு தோப்புப் பக்கம் திரும்பிப் போனார்கள். அன்றைக்கு உன்னைத் தெரியாது என்று சொன்ன அதே இடம் அது.

இதற்கு மேல் திட்ட எனக்கும் தெம்பு இல்லை. கூனனைப் பார்க்காமல் போகாதீர்கள், இடுப்பு தெரிந்தால் போகலாம், முதுகு மட்டும் தெரிந்தால் திரும்பிவிடுங்கள், கூனன் என்பது நீங்கள் படம் எடுக்கிற அந்தப் பாறை. இதை இன்றைக்கே எழுது. சுலபம் இல்லை என்று உன் ஆபீசில் எடுத்துவிட்டால் எடுத்துக்கொண்டு போகட்டும். இந்தக் கடிதம் வந்ததும் அழுதுகொண்டு உட்காராதே, முதலில் அதை மாற்று, பிறகு அழு, பிறகு போன் செய். கையைப் பற்றி அம்மாவிடம் நீயாகக் கேட்காதே, அவளாகச் சொல்லட்டும். லீவு கிடைத்தால் ஒரு நடை வந்து அவளோடு அந்தக் கல் மேல் நின்று உன் கண்ணால் பார்த்துவிட்டுப் போ. வேளா வேளைக்குச் சாப்பிடு, கண் விழித்து வேலை செய்யாதே, முடியை அங்கே எவனிடமோ கொடுத்துக் கன்னாபின்னா என்று வெட்டிக்கொள்ளாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், நோய்நொடி இல்லாமல், நிறைந்த ஆயுசோடு, உன் எழுத்தைப் படித்து நடக்கிறவர்கள் எல்லாரும் வீடு திரும்பி வந்து உன்னை வாழ்த்துகிற மாதிரி இருக்க வேண்டும். எவ்வளவு கோபம் வந்தாலும் இந்த ஆசீர்வாதம் மட்டும் குறையாது.

இப்படிக்கு,
அந்த வழியை எழுதினவளின் அப்பா